ஹெட் ஒரு வீட்டில், எஞ்சின் ஒரு வீட்டில்

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் பழைய இரும்பு வாங்குகிறவனின் வண்டியை நடுத்தடத்தில் நின்று மறித்தேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வருகிறேன், பக்கத்து வீட்டு வாசலிலிருந்து அந்தக் குட்டி யானை லாரி புறப்பட்டு வருகிறது. பின்னால் உடைந்த கட்டில், ஓட்டை டிரம், அதற்கு மேல் சேலையில் சுற்றிய பெரிய மூட்டை. மூட்டையின் ஓரம் விலகி இரும்பு தெரிந்தது. எங்கள் டிராக்டரின் ஹெட்.

பக்கத்து வீடு என்று எழுதுகிறேன். அது என் கொழுந்தனார் நாச்சிமுத்துவின் வீடு. அவர் மனைவி சாந்தாமணி என் கூடப்பிறந்த தங்கை. அண்ணன் தம்பி இருவரும் அக்கா தங்கை இருவரை ஒரே பந்தலில் கட்டினார்கள். ஒரே வாசலாக இருந்த இடத்தில் இப்போது ஆள் உயரச் சுவர். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

என்ன பெரிய காரணம்? மாமனார் வாங்கிய சிவப்பு டிராக்டர். பாகம் பிரித்த சமயத்தில் அது வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினின் மேல் பாகத்தை, அதைத்தான் ஹெட் என்பார்கள், கழற்றி விரிசல் அடைக்க டவுனுக்கு எடுத்துப் போனவர் கொழுந்தனார். அந்த வாரம் பார்த்துக் கிணற்றுத் தண்ணீர் முறையில் அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாய்த்தகராறு. ஹெட் திரும்பி வந்தபோது அவர் தன் வீட்டில் இறக்கிக்கொண்டார். "வேணும்னா வந்து கேட்டு வாங்கிக்கட்டும்" என்றார் அவர். "எடுத்துட்டுப் போனவன் கொண்டாந்து குடுக்கட்டும்" என்றார் இவர். அவ்வளவுதான் சண்டை. அன்றிலிருந்து எஞ்சின் எங்கள் மாட்டுக் கொட்டகையில், ஹெட் அவர்கள் வீட்டில்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே வண்டிக்காரன், "வேணுமுங்களாம்மா? வேணும்னா எறக்கிக்குங்க" என்றான். துருப்பிடித்த பீரோவை அவனுக்குக் கொடுத்து ஹெட்டை இறக்கினேன். இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

அதைச் சுற்றியிருந்த சேலையைப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. மாம்பழ நிறம், பச்சைக் கரை. சாந்தாவின் வளைகாப்புக்கு நான் காங்கேயத்தில் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்துக் கொடுத்த சேலை. அதில் போய் இரும்பைச் சுற்றியிருக்கிறாள்.

வீட்டைக் காலி செய்கிறார்கள். மே ஐந்தாம் தேதி ஓசூரில் மகள் சுகன்யா வீட்டுக்கே போய்விடுகிறார்களாம். அவர் பங்குக்கு வந்த வெள்ளாமைக் காட்டைக் குத்தகைக்கு விட்டாயிற்றாம். இதையும் நான் சொசைட்டியில் ஊரார் வாயால்தான் கேட்டேன். கூடப்பிறந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள்தானே சின்னவள், அவள்தானே வந்து சொல்ல வேண்டும்.

போகிறவள் போகட்டும். எனக்கென்ன.

ஏப்ரல் 10, புதன்

இவரிடம் காட்டினேன். கொட்டகைக்குள் வந்து குனிந்து பார்த்தார். பிறகு, "எடைக்குப் போட்டுட்டானா? எங்கப்பன் வாங்குன வண்டிய எடைக்குப் போட்டுட்டானா?" என்று அதையே நாலு தடவை சொன்னார். காலை டிபன் சாப்பிடவில்லை. மத்தியானம் இரண்டு பங்காகச் சாப்பிட்டார்.

சாயங்காலம் ஒரு ஈரத்துணியோடு போய் உட்கார்ந்து ஹெட்டைத் துடைத்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. அடிப்பக்கம் கண்ணாடியாக மின்னியது. மேலெல்லாம் புதுக் கிரீஸ்.

"எடைக்குப் போடறவன் எதுக்கு கிரீஸ் தடவோணும்?" என்று கேட்டார். என்னைக் கேட்டால்? சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்க வேண்டியதுதானே. சொன்னேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். தண்ணீர் காட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். மே ஐந்துக்குள் அந்த டிராக்டர் ஓட வேண்டும். எதற்கு என்று இவர் கேட்டார். கொட்டகை அடைசல் தாங்கவில்லை, ஓடினால் வெளியில் நிற்கும், எருமைக்கு இடம் கிடைக்கும் என்றேன். நியாயமான காரணம். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

ஓடும் சத்தம் அந்த வீட்டுக்குக் கேட்குமா என்றால், கேட்கத்தான் செய்யும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

ஏப்ரல் 13, சனி

மாவு புளித்துவிட்டது. கரண்ட் இரண்டு தடவை போனது. சேலையைத் துவைத்துக் காயப்போட்டேன். கிரீஸ் போகவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

வெள்ளகோவிலிலிருந்து ரஃபீக் பாய் வந்தார். பழைய வண்டிகள் என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல வேலைக்காரர், ஆனால் வாய் ஓயாது. வந்ததும் டீ, அரை மணிக்கு ஒரு டீ, ஒவ்வொரு டீக்கும் தன் சம்பந்தி வீட்டுக் கதை. சக்கரைக்கு நான் எங்கே போக.

எஞ்சினின் அடிப்பாகத்தை, அதுதான் பிளாக், பார்த்துவிட்டு, "பிளாக் நல்ல சுத்தமா இருக்குதுங்களே. ஒம்போது வருசம் தெறந்து கெடந்த எஞ்சின் மாதிரியே இல்லீங்க" என்றார்.

இவர் மேலே ஓட்டைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான்கு வருஷத்துக்கு முன் மகனுக்குக் குழந்தை பிறந்ததென்று நான் சென்னையில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் எஞ்சினுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. எதற்கென்று கேட்டதற்கு, எலி புகுந்துவிட்டது, கழற்றி டவுனில் கழுவக் கொடுத்தேன் என்றார். எலிக்குப் பெயிண்ட் அடிக்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போது விட்டுவிட்டேன். இப்போதும் எழுதி மட்டும் வைக்கிறேன்.

கேஸ்கெட் வாங்கப் பாய் கோயமுத்தூர் போகிறார். ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கிற தகடு அது. அது சரியாக உட்காராவிட்டால் தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடுமாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

எனக்கு இப்போதும் கோபம் தீரவில்லை. எழுதினால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

பாய் காலையிலேயே வந்து கேஸ்கெட்டை வைத்து, இவரும் அவரும் ஹெட்டைத் தூக்கி மேலே இறக்கினார்கள். நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து, இப்படி ஒன்று அப்படி ஒன்று என்று எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ஒரே ஓரமாக முறுக்கினால் ஹெட் கோணிக்கொள்ளுமாம். எல்லாம் முடிந்து, கைப்பிடியை மாட்டி எஞ்சினை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்.

டொக்.

பாய் திருப்பிச் சுற்றினார். மறுபடியும் டொக். பிடித்துக்கொண்டது. "உள்ளே ஏதோ இடிக்குதுங்க" என்று எல்லாவற்றையும் கழற்றினார். பிஸ்டனின் மேல்பக்கத்தில் நகத்தால் கிள்ளியதுபோலப் புதுத் தழும்பு. ஹெட்டில் இருக்கிற வால்வு கீழே இறங்கி அதில் இடித்திருக்கிறது. பாய் ஹெட்டை அளந்தார், பிளாக்கை அளந்தார், தலையைச் சொறிந்தார், டீ கேட்டார். டீ குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, இந்த பிளாக்கோட முகத்த லேத்துல குடுத்துச் சீவுனீங்களா?"

இவர் தொண்டையைச் செருமினார். "துருவேறியிருந்துச்சு பாய். ஹெட்டு வந்தா சரியா உக்காரோணுமில்ல. அதான்."

"அது தப்பில்லீங்க. ஆனா ஹெட்டையும் சீவியிருக்குதுங்களே. அத யாரு சீவுனது?"

இவர் எழுந்து போய் எருமைக்கு வைக்கோல் போட்டார்.

"ஒரு பக்கம் சீவுனா தாங்குமுங்க. ரெண்டு பக்கமும் சீவுனா இடைவெளி கொறஞ்சுபோயி வால்வு பிஸ்டன்ல இடிக்கத்தான் செய்யும். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலீங்களா?"

ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வதா. பாய் வெளியூர்க்காரர், பாவம்.

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. இந்தப் பக்கம் இவர், தம்பி என்றைக்காவது ஹெட்டைக் கொண்டுவருவான் என்று யாருக்கும் தெரியாமல் எஞ்சினை இழைத்து வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் அவர், அண்ணன் என்றைக்காவது வந்து கேட்பான் என்று யாருக்கும் தெரியாமல் ஹெட்டை இழைத்துக் கிரீஸ் தடவி வைத்திருக்கிறார். இரண்டு பேரும் தயார். இரண்டு பேருக்கும் ஆசை. வாயைத் திறக்க மட்டும் மாட்டார்கள். சமாதானமாகப் போக நினைத்தே வண்டியைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு கிரகம் பிடித்த ஆம்பளைகளை நான் எங்கும் பார்த்ததில்லை. இவர்கள் வீம்புக்காக நான் என் தங்கையின் முகத்தைக் கோயிலில் கூட்டத்துக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு ஒன்பது வருஷம் கழித்திருக்கிறேன்.

இதெல்லாம் இவர் முகத்துக்கு நேரே சொன்னேன். பாய் இருந்தார். இருக்கட்டும்.

பாய் ஒரு வழி சொன்னார். சீவிய கனத்துக்கு ஈடாகச் செம்புத் தகட்டில் தடிமனான கேஸ்கெட் வெட்டச் சொல்லலாமாம். ஆனால் இந்தப் பழைய வண்டிக்குப் பழைய அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை, இரண்டு பேரும் எவ்வளவு சீவினார்கள் என்று தெரிந்தால்தான் ஆகுமாம்.

"பிளாக்கு நான் சொல்லிப்போடுவேன். அதை..." என்றார் இவர். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அதைக் கேட்டுட்டு வாங்க" என்றேன்.

போகவில்லை. சட்டையைத் தேடினார், செருப்பைத் தேடினார், கடைசியில் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 20, சனி

நானே போனேன்.

சுவரில் வழி கிடையாது. ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்த மாம்பழச் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். கிரீஸ் கறையைக் காட்டி நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன்.

சாந்தா வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டாள். கோயிலில் பார்க்கும்போது அவ்வளவு தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"இந்தச் சேலைல போயி இரும்பச் சுத்துனியே, உனக்கு மனசு வந்துச்சா?" என்றேன். நல்ல கோபத்தோடுதான் ஆரம்பித்தேன்.

"வேற எதுல சுத்தியிருந்தாலும் நீ வண்டிய நிறுத்தியிருக்க மாட்டியேக்கா" என்றாள்.

நான் சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"நீ பால் ஊத்திட்டு வர்ற நேரம் பாத்துத்தான் வண்டிக்காரன அனுப்புனேன். முக்குத் திரும்பறதுக்குள்ள நீ நிறுத்தலீன்னா நானே ஓடியாந்து நிறுத்தியிருப்பேன். எங்கூட்டுக்காரருக்குத் தெரியாது. ஹெட்டு இன்னும் உள்ளே சாமான் ரூமுல இருக்குதுன்னு நெனச்சிட்டிருக்கறாங்க. இவிக ஓசூருக்கு அதையும் கட்டி எடுத்துட்டுப் போகோணுங்கறாங்க. அங்க அபார்ட்மென்ட்டுல மூணாவது மாடிக்கா. அத எங்க வெக்கறது?"

"இத்தன வருசமா ஒரு வார்த்த வந்து சொல்றதுக்கென்ன?"

"நீயும்தான் வந்து கேக்கல."

அது வேறு விஷயம்.

சத்தம் கேட்டுக் கொழுந்தனார் உள்ளேயிருந்து வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்கண்ணி" என்றார், ஏதோ நேற்றுப் பார்த்ததுபோல. ஹெட் எங்கள் கொட்டகையில் இருக்கிறது என்று சொன்னேன். நம்பாமல் சாமான் ரூமுக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "என்னையக் கேக்காம..." என்று சாந்தாவைப் பார்த்து ஆரம்பித்தார்.

"நீங்க மட்டும் யாரக் கேட்டுங்க ஹெட்டச் சீவுனீங்க?" என்றேன். "எவ்வளவு சீவுனீங்க?"

"அத எதுக்குங்கண்ணி..."

"சொல்லுங்க."

"அரை எம்.எம்."

அவர் முணுமுணுத்தார். எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் கொட்டகை. அங்கே இவர் மூச்சுக் காட்டாமல் நிற்கிறார் என்பது, இவரோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா.

"எனக்குக் காது மந்தமாயிருச்சுங்க. ஒரக்கச் சொல்லுங்க."

"அரை எம்.எம்முங்க."

"இன்னும் கொஞ்சம்."

"அரை எம்.எம்." என்று கத்தினார்.

சாந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவர் குரல் வந்தது.

"இங்க முக்கா."

ஒன்பது வருஷம் கழித்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான்.

"முக்காலா?" என்றார் கொழுந்தனார் சுவரைப் பார்த்து. "எதுக்கு அத்தனை சீவுனீங்க?"

"துரு ஏறிக் கெடந்துச்சு."

"எண்ணெயத் தடவி மூடி வெச்சிருந்தா எதுக்குத் துரு ஏறுது?"

"மூடறத எடுத்துட்டுப் போயி ஊட்டுல வெச்சுக்கிட்டவன் சொல்றான் பாரு."

பிறகு என்ன, சுவர் இடிகிற மாதிரி சண்டை. கிணற்றுத் தண்ணீர் முறை வரைக்கும் போனது. நானும் சாந்தாவும் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் அழுதாள். எனக்குக் கண்ணில் தூசி. வாய் நிறையத் திட்டிக்கொள்கிறார்களே, இதற்கே இத்தனை காலம் ஆயிற்று.

ஏப்ரல் 22, திங்கள்

பாய் அளவோடு கோயமுத்தூர் போய்விட்டார். சக்கரை ஒரு கிலோ வாங்கினேன்.

ஏப்ரல் 27, சனி

செம்புத் தகடு வந்துவிட்டது. பார்க்க அழகாக இருக்கிறது, கோயிலில் வைத்துக் கும்பிடலாம்போல.

பாய் ஹெட்டை இறக்கப் போகிற நேரத்தில் கொழுந்தனார் ரோட்டைச் சுற்றி வந்து கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே வா என்று இவர் சொல்லவில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. பாய்தான், "அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க, கனமா இருக்குதுங்க" என்றார். பிடித்தார். ஒரு முனை இவர், ஒரு முனை அவர். ஒரு நெல் நுனி விலகாமல் இறங்கி உட்கார்ந்தது.

நட்டு முறுக்குவதில் மறுபடி தகராறு. நடுவிலிருந்து வலது பக்கம் முதலில் என்று இவர், இடது பக்கம் முதலில் என்று அவர். அப்பா எப்படிச் செய்வார் என்பதில் இரண்டு பேருக்கும் இரண்டு ஞாபகம். பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டுக் கூப்புடுங்க, நான் டீ குடிக்கறேன்" என்று வெளியே வந்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கடைசியில் பாய் தன் இஷ்டத்துக்கு முறுக்கினார். கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். டொக் இல்லை. இன்னொரு சுற்று. இல்லை. பிறகு டீசல் ஊற்றி, குழாயில் நின்ற காற்றை வெளியே எடுத்து, பேட்டரி மாட்டி, ஸ்டார்ட் செய்தார். இருமியது. கருப்பாக ஒரு புகை, எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அப்புறம் சீராக ஓட ஆரம்பித்தது. மாமனார் காலத்தில் கேட்ட அதே சத்தம். கொழுந்தனார் மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இவர் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். புகை எதிர்ப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

சுவருக்கு மேலே சாந்தாவின் தலை தெரிந்தது. எதன் மேல் ஏறி நின்றாளோ.

மே 1, புதன்

எருமை கிடைத்துவிட்டது. பால் குறைந்துவிட்டது. இதற்கும் அண்ணன் தம்பிதான் காரணம்.

மே 5, ஞாயிறு

போய்விட்டார்கள்.

காலையில் இங்கேதான் சாப்பிட்டார்கள். நான் தோசை ஊற்ற, சாந்தா சட்னி அரைத்தாள். உப்புக்குக் கையை நீட்டினாள், பழைய இடத்துக்கு. அங்கே இப்போது மிளகாய்ப்பொடி இருக்கிறது. "இடத்த மாத்திட்டியாக்கா" என்றாள். இவள் இல்லாமல் இந்தச் சமையலறையில் எவ்வளவோ மாறிவிட்டது, உப்பு ஒன்றா. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சமாதானமும் ஆகியாயிற்று, அவளும் கிளம்புகிறாள், பெட்டியும் கட்டியாயிற்று. ஒன்பது வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள், நாங்கள் பேசவில்லை. பேச ஆரம்பித்துப் பதினைந்து நாளில் ஓசூர் போகிறாள். இது என்ன நியாயம்.

கார் வந்து நின்ற பிறகும் அண்ணனும் தம்பியும் டிராக்டர் பக்கத்தில் நின்றார்கள். பாய் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். செம்புத் தகடு சூட்டுக்கு அமுங்குமாம். ஐம்பது மணி நேரம் ஓடிய பிறகு நட்டுகளை எல்லாம் இன்னொரு தடவை டைட் வைக்க வேண்டுமாம்.

"நான் வந்துதான் டைட் வெப்பேன். நீங்க கைய வெக்காதீங்க" என்றார் கொழுந்தனார்.

"நீ வராம நான் எதுக்குத் தொடறேன்" என்றார் இவர்.

சாந்தா அந்த மாம்பழச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனாள். கிரீஸ் கறையை மடிப்புக்குள் ஒளித்துக் கட்டியிருந்தாள்.

மே 12, ஞாயிறு

ஒரு வாரமாக டிராக்டரை நான்தான் ஸ்டார்ட் செய்கிறேன். பால் ஊற்றிவிட்டு வந்ததும் அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம். நின்ற இடத்திலேயே ஓட விட்டு சீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். எருமைக்குப் பழகிவிட்டது. ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

சாந்தாவுக்குப் போன் போட்டு எஞ்சின் பக்கத்தில் காட்டினேன். "கேக்குதா?" என்றேன். "கேக்குதுக்கா. கொஞ்ச நேரம் அப்படியே வெய்யி" என்றாள்.

நேற்றெல்லாம் இவர், "ஓடறதுக்கு வேலையே இல்ல, டீசல வீணா ஏம்புள்ள எரிக்கற" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இன்று மத்தியானம் கொட்டகை மூலையில் பெரிய கேன் நிறைய டீசல் இருந்தது. யார் கொண்டுவந்தது என்று பார்த்தும் பாராமல் விட்டிருக்கலாம். விடவில்லை, கேட்டேன். இந்த வீட்டில் இனிமேல் எதையும் கேட்காமல் விடுவதாக இல்லை.

"எதுக்குங்க இது?"

இவர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ இப்படி அரை மணி அரை மணியா ஓட்டுனா அம்பது மணி எப்ப ஆகறது, அவன் எப்ப வந்து சேர்றது? நாளைக்குக் கலப்பைய மாட்டு. நம்ம காடு, அவன் குத்தகைக்கு விட்ட காடு, ரெண்டையும் உழுதுபோடறேன்."